பதில் தெரிகிறது, கொப்பி வெறுமையாக இருக்கிறது: இது சோம்பலா?

18 மே 2025, காலை (பெற்றோர் எழுதும் இழையில் ஒரு தாயின் கேள்வி)

"மகள் தரம் 6. வாயால் கேட்டால் எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறாள். கொப்பியைத் திறந்தால் பாதிப் பக்கம் வெறுமை. வீட்டுப்பாடம் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்கிறாள். இரவு ஒன்பது மணிக்கு வகுப்பு வாட்ஸ்அப் குழுவைப் பார்த்தால் மூன்று பாடங்களுக்கு இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்த பிள்ளை. சோம்பல்தான் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். இன்னும் கடுமையாக இருந்தால் திருந்துவாளா?"

18 மே, இரவு (ஒரு தந்தையின் பதில்)

திருந்தமாட்டாள், ஏனென்றால் இது சோம்பல் இல்லை. என் மகன் இப்போது தரம் 8. இரண்டரை ஆண்டுகளாக இதற்குள்ளேயே இருக்கிறோம். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

தரம் 5 வரை உங்கள் மகளுக்கு ஒரே வகுப்பாசிரியை. கரும்பலகையில் எழுதியதைப் பிள்ளை பார்த்து எழுதியதா என்று எட்டிப் பார்க்க அவர் இருந்தார். வீட்டில் புலமைப்பரிசிலுக்காக நீங்கள் பக்கத்தில் இருந்திருப்பீர்கள். எந்த வினாத்தாள், எத்தனை மணிக்கு, முதலில் எந்தப் பகுதி என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் தீர்மானித்தோம். பிள்ளை விடையை மட்டும் எழுதியது. தரம் 6இல் கணிதத்துக்கு ஒருவர், விஞ்ஞானத்துக்கு ஒருவர், வரலாறு, புவியியல், குடியியல், சமயம், சிங்களம், ஆங்கிலம், சித்திரம் என்று பாடத்துக்கு ஓர் ஆள். பரீட்சை முடிந்துவிட்டதென்று வீட்டில் நாமும் எழுந்து போய்விட்டோம். பல பெரியவர்கள் பகிர்ந்து செய்த வேலை ஒரே மாதத்தில் ஒரு பதினொரு வயதுத் தலையில் விழுந்தது. அநேகமான பிள்ளைகள் தடுமாறியாவது பிடித்துக்கொள்கிறார்கள். என் மகனால் முடியவில்லை.

19 மே

நேற்று எழுதியதில் ஓர் உதாரணமும் இல்லை. இதோ.

தரம் 6இல் வரலாற்றுப் பாடத்துக்குச் சிகிரியா பற்றி ஓர் ஒப்படை. மூன்று இரவுகள் இருந்து செய்தான். படத்தை அவனே வரைந்தான், சிங்கப் பாதங்கள் உட்பட. இரண்டு வாரம் கழித்துப் புள்ளி வந்தது: பூச்சியம். ஒப்படை கிடைக்கவில்லை என்று ஆசிரியை குறித்திருந்தார். பையைக் கவிழ்த்தேன். அடியில், தண்ணீர்ப் போத்தல் கசிந்து ஓரம் நனைந்த நிலையில், முழு ஒப்படையும் இருந்தது. ஒவ்வொரு நாளும் பாடசாலைக்குப் போய் ஒவ்வொரு நாளும் திரும்பி வந்திருக்கிறது.

"ரீச்சர் கேட்டபோது ஏன் எடுத்துக் கொடுக்கவில்லை?"

"அவர் கேட்டபோது அது பையில் இருக்கிறது என்ற ஞாபகமே வரவில்லை அப்பா. வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது."

பொய் சொல்கிறான் என்று அன்று நினைத்தேன். மூன்று இரவு உழைத்தவனைச் சோம்பேறி என்றும் சொன்னேன்.

20 மே

வீட்டுப்பாடம் ஒரே வேலை என்று நினைக்கிறோம். எண்ணிப் பாருங்கள்: கேட்கவேண்டும், குறித்துக்கொள்ளவேண்டும், அந்தக் கொப்பி பைக்குள் போகவேண்டும், வீட்டில் வெளியே வரவேண்டும், தொடங்கவேண்டும், நடுவில் எழுந்து போனால் திரும்பி வரவேண்டும், முடிக்கவேண்டும், மீண்டும் பைக்குள் வைக்கவேண்டும், மறுநாள் சரியான நேரத்தில் சரியான ஆளிடம் நீட்டவேண்டும். இந்த ஒன்பதில் பாட அறிவு தேவைப்படுவது ஒன்றில் மட்டும். நாம் ரியூசனுக்கு அனுப்புவதும் அந்த ஒன்றுக்குத்தான்.

உங்கள் மகளுக்கு இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுகிறது என்று ஒரு வாரம் பார்த்துக் குறியுங்கள். திட்டாமல் குறியுங்கள்.

24 மே

"இதற்குப் பெயர் உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு. திட்டமிடுவது, தொடங்குவது, நினைவில் ஏந்திக்கொள்வது, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது, வரும் உந்துதலை அடக்குவது ஆகிய தன்னை நடத்தும் திறன்களைச் சேர்த்து நிறைவேற்றுச் செயற்பாடுகள் என்கிறார்கள். நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதி இதில் பெரும் பங்கு வகிக்கிறது. அது முழுமையாக முதிர இருபது வயதும் கடந்துவிடும். இந்தச் செயற்பாடுகள் தளர்ந்திருப்பது தனியான ஒரு நோயின் பெயர் அல்ல. ஏடிஎச்டி எனப்படும் கவனக் குறைபாட்டில் வரும், ஓட்டிசத்தில் வரும், பதற்றத்தில், மனச்சோர்வில், தூக்கமின்மையில், தலையில் அடிபட்ட பிறகும் வரும். அதனால் இணையத்தில் வாசித்துவிட்டு வீட்டிலேயே பெயர் சூட்டாதீர்கள்.

ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளின் மூளை மூன்று வருடம் பின்தங்கி வளர்கிறது. அதை மனதில் வைத்தே நான் மகனுடன் பேசுகிறேன்.

அமெரிக்க உளவியலாளர் ரசல் பார்க்லி நெடுங்காலமாக வலியுறுத்தும் ஒரு கருத்து எனக்குக் கண் திறந்தது: இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யவேண்டும் என்று தெரியாமல் இல்லை, தெரிந்ததை அந்த இடத்தில், அந்த நேரத்தில் செய்ய முடியாமல் போகிறது. ஆகவே உதவியும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொடுக்கும் அறிவுரை செவ்வாய்க்கிழமை மூன்றாம் பாடவேளைக்கு வந்து சேராது.

1 ஜூன்

சுவர் நேர அட்டவணை பற்றி மூவர் எழுதியிருக்கிறீர்கள். நானும் ஒட்டினேன். அச்சகத்தில் ஒப்புநோக்கும் வேலை எனக்கு. வரிசையும் ஒழுங்கும்தான் என் சாப்பாடு. நான்கு நிறத்தில், அரைமணிக் கட்டங்களாக, பார்க்க மிக அழகாக இருந்தது. ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அது சுவரின் ஒரு பகுதியாகிவிட்டது, கலண்டரைப் போல. அவன் கண் அதில் படவே இல்லை.

என் தலையில் உள்ள ஒழுங்கை அவனுடைய சுவரில் ஒட்டியிருந்தேன், பிழை அதுதான். இப்போது சுவரில் எதுவும் இல்லை. மேசையில், அவன் கை வைக்கும் இடத்தில், கால் பக்கத் தாள் ஒன்று. அதில் இன்றைய வேலை மட்டும், அவன் கையெழுத்தில், மூன்று வரிக்கு மேல் போகாமல். முடிந்ததை வெட்டுகிறான். இரவில் தாளைக் கிழித்துப் போடுகிறான். கிழிப்பது அவனுக்குப் பிடித்த பகுதி.

2 ஜூன்

எனக்குத் தெரிந்தவற்றில் மிக நன்றாக வேலை செய்தது ஒரு கதிரை.

சாப்பாட்டு மேசையில் அவனுக்கு எதிரே உட்கார்ந்து என் ஒப்புத் தாள்களைப் பார்க்கிறேன். அவன் கணக்கைச் செய்கிறான். நான் எதுவும் சொல்வதில்லை, எட்டிப் பார்ப்பதும் இல்லை. பிளேன்ரீ போடக் குசினிக்குப் போனால் பென்சில் நின்றுவிடும். திரும்பி வந்து உட்கார்ந்தால் ஓடத் தொடங்கும். முதலில் இதைக் கண்டு எரிச்சல்பட்டேன். பதின்மூன்று வயதில் இன்னும் ஆள் காவலா என்று. இப்போது கண்ணாடி போடுவதைப் போல நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசி என்று எவரும் பிள்ளையைக் கேட்பதில்லை.

நேரம் இன்னொரு சங்கடம். "பத்து நிமிடம்" என்பது அவனுக்கு வெறும் சொல். மணிக்கூட்டைப் பார்ப்பான், எத்தனை மணி என்று சரியாகச் சொல்வான், ஆனால் எவ்வளவு கடந்தது என்பது உறைக்காது. எங்கள் தொடர்மாடி கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம். மாலையில் கோட்டையிலிருந்து பாணந்துறை, அளுத்கமப் பக்கம் வேலை முடிந்தவர்களை ஏற்றிக்கொண்டு ரயில்கள் போகும். யன்னல் கண்ணாடி அதிரும். "அடுத்த ரயில் வரைக்கும் செய்கிறேன்" என்று அவனே தொடங்கினான். காதால் கேட்கிற நேரம். நாங்கள் சொல்லிக் கொடுத்த எதுவும் இவ்வளவு நன்றாக ஒட்டவில்லை.

8 ஜூன்

இரண்டு திருத்தங்கள்.

ஒன்று, 24ஆம் திகதி மூன்று வருடம் என்று எழுதியது அவசரத்தில் எழுதியது. பிலிப் ஷோவும் குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு அது. மூளையின் மேற்பட்டை உச்சத் தடிப்பை எட்டும் வயதை அளந்தார்கள். ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளில் இடைநிலை வயது 10.5, மற்றவர்களில் 7.5. அது இரண்டு கூட்டங்களின் இடைநிலை வித்தியாசம். என் மகனுக்கு மூன்று, உங்கள் மகளுக்கு மூன்று என்று பிரித்துக் கொடுக்க முடியாது. பிறர் எழுத்தைத் திருத்துவதே தொழிலாக உள்ளவன் இதை முதலிலேயே சரியாக எழுதியிருக்கவேண்டும்.

இரண்டு, ரயில். ஒரு சகோதரி கேட்டது நியாயம்: ரயில் பிந்தினால்? பிந்தியது. செவ்வாய்க்கிழமை முக்கால் மணி நேரம் எதுவும் போகவில்லை; பையன் எழும்பாமல் விஞ்ஞானம் எழுதிக்கொண்டே இருந்தான், கண் சிவந்துவிட்டது. இப்போது குசினியில் கேக்குக்கு வைக்கும் சுற்றுமணியைத் திருப்பி வைக்கிறோம். பதினைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் பல்கனி. ரயிலை எண்ணுவது பல்கனியில்.

14 ஜூன்

"அடியாத மாடு படியாது" என்று எழுதியவருக்கு.

என் மாமியாரும் அதையே சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. தன் பிள்ளைகள் நால்வரையும் அப்படித்தான் ஆளாக்கினேன் என்று நம்புகிறவர். சிகிரியா ஒப்படை நாளில் நான் அடிமட்டத்தால் மகனின் கையில் அடித்தேன். இரண்டு முறை. மறுநாள் பாடசாலை முடிந்து வந்தவனிடம், ஒப்படையைக் கொடுத்தாயா என்று கேட்டேன். அவன் முகம் வெளுத்தது. அடி ஞாபகம் இருந்தது, வலித்த இடம் ஞாபகம் இருந்தது, ஆசிரியை வகுப்புக்குள் வந்தபோது ஒப்படை ஞாபகம் வரவில்லை.

அதன் பிறகு ஒரு மாதம் வீட்டுப்பாடமே இல்லை என்றுதான் சொன்னான். பயத்தில் பொய்யைப் பழக்கியது நான். உங்கள் மகள் "இல்லை" என்று சொல்வதற்கும் காரணம் அதுவாக இருக்கலாம் என்று எனக்குப் படுகிறது. கேள்வியை மாற்றிப் பாருங்கள். "இருக்கிறதா?" என்று கேட்காமல், "வா, பையை மேசையில் கொட்டுவோம்" என்று சொல்லுங்கள். கொட்டிய பிறகு எவரும் பொய் சொல்லத் தேவையில்லை.

15 ஜூன்

கொட்டினார்களாம். ஏழு பென்சில்கள், கடந்த மாதச் சுற்றறிக்கை, பாதி மாம்பழம். தாய் சிரித்திருக்கிறார், மகளும் சிரித்திருக்கிறாள். நல்ல தொடக்கம்.

22 ஜூன்

இது கொஞ்சம் விலகிப் போகும்.

என் தம்பி இப்போது ரொறன்ரோவில். யாழ்ப்பாணத்தில் தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஒரே விளக்கின் இரண்டு பக்கமும் இருந்து படித்தோம். நான் படித்தேன், அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பான். "மறதிக்காரன்" என்று ஐயா பெயர் வைத்தார், ஊரும் அதையே சொன்னது. சாதாரண தரத்தோடு நிறுத்திவிட்டான். கைவேலையில் அவனைப் போல் ஒருவனை நான் பார்த்ததில்லை. உடைந்த சைக்கிள் டைனமோவில் வானொலியைப் பாட வைத்தவன்.

இரட்டையர் ஆய்வுகள் ஏடிஎச்டியில் மரபின் பங்கை ஏறத்தாழ 74 சதவீதம் என்று கணிக்கின்றன. அதை வாசித்த இரவு அவனுக்குத் தொலைபேசியில் பேசினேன். மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். பாதியில் நிறுத்தி, "அண்ணா, நான் சோம்பேறி இல்லை என்று எனக்கு அப்போதே தெரியும். அதை எப்படிச் சொல்வதென்றுதான் தெரியவில்லை" என்றான். நாற்பத்தாறு வயது மனிதன். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை.

அந்த விளக்கு மேசையில் நான் அவனுக்கு எதிரேதான் இருந்தேன். ஆனால் அவனைப் பார்க்க அல்ல, என் கொப்பியைப் பார்க்க. இதை எழுதாமல் இந்த இழையில் வேறு எதையும் எழுத மனம் வரவில்லை.

29 ஜூன்

வைத்தியரிடம் எப்போது போவது? ஆறு மாதத்துக்கு மேலாக, வீட்டிலும் பாடசாலையிலும் இதே கதை என்றால் போங்கள். குடும்ப வைத்தியரிடமோ சிறுவர் வைத்தியரிடமோ தொடங்கலாம். பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். இரத்தப் பரிசோதனையோ படம் எடுத்தலோ இதைக் கண்டுபிடிக்காது. பெற்றோரிடம் நீண்ட விசாரணை, ஆசிரியர் நிரப்பும் படிவம், பிள்ளையுடன் பேச்சு, பழைய தேர்ச்சி அறிக்கைகள். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின்படி அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும், ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரியவேண்டும். பழைய கொப்பிகளை எறியாமல் கொண்டுபோங்கள். கண், காது, தூக்கம் ஆகியவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது பல வேளைகளில் பிந்தித்தான் தெரியவரும். ஓடித் திரியும் பையனை எல்லோரும் கவனிக்கிறார்கள். யன்னலோரம் அமைதியாக இருந்து கனவு காணும் பெண்ணை "நல்ல பிள்ளை" என்று விட்டுவிடுகிறார்கள்.

மருந்து: என் மகனுக்கு மெதைல்பெனிடேட். கொடுக்கலாமா, எவ்வளவு என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும், நான் சொல்லமாட்டேன். நாங்கள் கண்டது: மதியப் பசி போய்விட்டது, சோற்றுப் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. குளிசைக்கு முன் காலையில் இடியப்பமும் சொதியும் முட்டையும் வயிறு நிறையக் கொடுத்து, இரவுச் சாப்பாட்டைப் பெரிதாக்கினோம். வைத்தியர் அளவையும் மாற்றினார். மேசையில் அதிக நேரம் இருக்கிறான். ஆனால் எந்தக் கொப்பியை முதலில் திறப்பது என்பதற்குக் கால் பக்கத் தாள் இன்னும் தேவைப்படுகிறது.

6 ஜூலை

வகுப்பாசிரியையிடம் என்ன கேட்பது என்று தாய் கேட்டிருக்கிறார். நோயின் பெயரோடு போகவேண்டாம். சிறியதாக, செய்யக்கூடியதாக இரண்டே வேண்டுகோள்களோடு போங்கள். நான் கேட்டவை: முன் வரிசையில் இருத்துங்கள், மணி அடிக்க முன் பக்கத்தில் உள்ள பிள்ளை அவன் குறிப்பேட்டை ஒருமுறை பார்க்கட்டும். நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு திணறும் ஆசிரியையிடம் பத்து வேண்டுகோள் வைத்தால் ஒன்றும் நடக்காது.

பாடநூல் மறந்து வரும் இரவுகளுக்கு: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழ்மொழிப் பாடநூல்கள் எல்லாம் இலவசமாக இருக்கின்றன, கைத்தொலைபேசியில் இறக்கி வையுங்கள். நாங்கள் மேல் மாடிப் பிள்ளையின் பழைய நூல் தொகுதியையும் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறோம்.

13 ஜூலை

ரியூசன். வாரத்துக்கு ஐந்து வகுப்புகள் இருந்தன, மூன்றை நிறுத்தினேன். வீட்டில் பெரிய சண்டை. ஒவ்வொரு வகுப்பும் இன்னொரு கொப்பி, இன்னொரு தாள்க் கட்டு, இன்னொரு வீட்டுப்பாடம். ஒழுங்குபடுத்தத் திணறுகிற பிள்ளைக்கு ஒழுங்குபடுத்த இன்னும் ஐந்து பொருள்களைக் கொடுத்துவிட்டு, ஏன் சிதறுகிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தோம். நிறுத்திய பிறகு கணிதத்தில் நான்கு புள்ளி குறைந்தது, மறைக்கவில்லை. ஆனால் இரவு ஒன்பதரைக்கு உறங்குகிறான்.

27 ஜூலை

போன திங்கட்கிழமை "கொடுக்கும் உறை" மேசையிலேயே கிடந்தது. (இரண்டு பிளாஸ்டிக் உறைகள் பற்றி முன்பு சொல்லவில்லை: நீலம் வீட்டுக்கு வருவது, சிவப்பு பாடசாலையில் கொடுப்பது. வேறு எங்கும் தாள் வைக்கக்கூடாது.) பாடசாலை வான் போய்விட்டது. அரைநாள் வேலைக்குப் பிந்தி, எடுத்துக்கொண்டு போய் வாயிலில் கொடுத்தேன்.

"விளைவை அனுபவிக்க விடுங்கள், அப்போதுதான் படிப்பான்" என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அலட்சியத்தால் மறக்கும் பிள்ளைக்கு அது சரியாக இருக்கலாம். என் மகன் விளைவுகளை அனுபவிக்காதவன் இல்லை. பூச்சியங்கள், வகுப்புக்கு வெளியே நின்ற நாட்கள், அடிமட்டம் எல்லாம் பார்த்தவன். அவற்றால் மறதி மாறியிருந்தால் என்றோ மாறியிருக்கும்.

அன்று மாலை இருவரும் கதவருகே நின்று யோசித்தோம். உறை எங்கே இருந்தால் அதைத் தாண்டிப் போகவே முடியாது? "சப்பாத்தின் மேல் வைப்போம் அப்பா. அதை எடுக்காமல் காலை நுழைக்க முடியாது."

நான்கு நாளாகச் சப்பாத்தின் மேல் இருக்கிறது. நான்கு நாளும் போனது.

3 ஓகஸ்ட்

நேற்றுச் சனிக்கிழமை கணித வகுப்புக்குச் செருப்பில் போனான். உறை சப்பாத்தின் மேலேயே இருந்தது. செருப்பையும் அதே தட்டுக்கு மாற்றியிருக்கிறோம். இரண்டுக்கும் குறுக்கே உறை.

10 ஓகஸ்ட்

இன்று புலமைப்பரிசில் பரீட்சை. காலையில் கொழும்பின் காலி வீதியில் ஒரு பாடசாலை வாயிலில் பெற்றோர் கூட்டம். ஒரு தந்தை பிள்ளையின் பென்சில் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்து மூடிக் கொடுத்தார். நானும் இதே போல் எண்ணிக் கொடுத்தேன். பரீட்சை முடிந்த மறுநாளே நிறுத்தியும் விட்டேன். இன்றைய பெற்றோரில் எவராவது இதை வாசித்தால்: தரம் 6 தொடங்கும் மாதத்தில் எழுந்து போகாதீர்கள், கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

முதலில் கேட்ட தாய் இன்று மீண்டும் எழுதியிருக்கிறார். மகளுக்கு வைத்தியசாலைத் திகதி கிடைத்துவிட்டதாம். கணிதக் கொப்பி இரண்டு வாரமாக நிரம்புகிறது, ஆங்கிலம் இன்னும் வெறுமை. எப்போது கையை எடுக்கலாம் என்று கேட்கிறார்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள், அது மூன்று வாரம் தானாக ஓடிய பிறகு. நான் இதுவரை எடுத்தது ஒன்றே: கால் பக்கத் தாளை எழுதச் சொல்லி ஞாபகப்படுத்துவதில்லை, அவனே எழுதுகிறான். எதிர்க் கதிரையில் இன்னும் இருக்கிறேன். பையை இன்னும் ஞாயிறு மாலையில் இருவரும் சேர்ந்து கொட்டுகிறோம். ஒருமுறை கதிரையை எடுத்துப் பார்த்தேன், ஆறாம் நாள் சரிந்தது, திரும்பப் போட்டேன். அவன் எதுவும் சொல்லவில்லை, என் தேநீர்க் கோப்பையை மட்டும் கொண்டுவந்து எதிரே வைத்தான்.

விடுமுறை முடிவதற்கு முந்திய மாலையில் பை கொட்டவேண்டும். சிவப்பு உறையின் ஓரம் கிழிந்துவிட்டது. இந்த முறை இரண்டு வாங்குகிறோம்.